அழுத்தம் போன இடம்

சாலையோரத்தில் பள்ளம் தோண்டும் இயந்திரத்தைச் சற்று நின்று வேடிக்கை பார்க்காதவர்கள் நம்மில் குறைவாகவே இருப்பார்கள். அதைச் செய்யும் நிறுவனங்கள் பல இருந்தாலும் நம் பேச்சு வழக்கில் எல்லாமே ‘ஜேசிபி’தான். அந்த இரும்புக் கை சில சமயம் ஏற மறுத்துவிடும். அல்லது ஏறி நின்றபின், யாரும் நெம்புகோலைத் தொடாமலேயே, தூக்கம் சொக்கும் ஒருவரின் தலையைப் போல மெல்ல மெல்லத் தாழும். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கும், இரைச்சலுக்கும் குறைவிருக்காது. வலு மட்டும் எங்கோ போயிருக்கும். ‘பிரஷர் இல்லை’ என்று சொல்லிவிட்டு ஓட்டுநர் இறங்கிவிடுவார்.

அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு வரலாறு இருக்கிறது. ஹைட்ராலிக் இயந்திரங்களின் வரலாறு என்று பொதுவாக எழுதப்படுவது, அவை எவ்வளவு பாரத்தைத் தூக்கின என்பதைப் பற்றியது. ஆனால் தூக்கிய பாரத்தை அவை எப்போதெல்லாம் கைவிட்டன, கைவிட்டபோது மனிதர்கள் என்ன கற்றுக்கொண்டார்கள் என்று அதே வரலாற்றை மறுபக்கமிருந்தும் வாசிக்கலாம். எனக்கு இந்த இரண்டாவது வாசிப்பே அதிகம் சொல்வதாகத் தோன்றுகிறது.

முதலில் ஒரு தெளிவு தேவை. பம்ப் அழுத்தத்தை உண்டாக்குகிறது என்றே நாம் நினைக்கிறோம். உண்மையில் அது உண்டாக்குவது ஓட்டத்தை மட்டுமே. தோட்டக் குழாயின் வாயைத் திறந்துவிட்டால் நீர் சாதுவாக ஒழுகுகிறது. விரலால் பாதி மூடினால் சீறுகிறது. சீற்றத்தைத் தந்தது அந்த விரல். ஓட்டத்தை எதிர்த்து நிற்க ஏதோ ஒன்று இருக்கும்வரைதான் அழுத்தம் இருக்கும். ஆகவே ‘அழுத்தம் எங்கே போயிற்று’ என்ற கேள்வியை அனுபவமுள்ள மெக்கானிக் வேறுவிதமாகக் கேட்டுக்கொள்கிறார்: எதிர்த்து நிற்க வேண்டியவற்றில் எது விட்டுக்கொடுத்தது?

*

திரவத்தின் மீது ஓரிடத்தில் செலுத்தும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பதைத் தெளிவாக எழுதிவைத்தவர் பிளேஸ் பாஸ்கல். திரவங்களின் சமநிலை பற்றிய அவரது நூல் அவர் இறந்த மறு ஆண்டு, 1663இல் வெளிவந்தது. நீர் நிறைந்த கலத்தில் இரண்டு வாய்கள். ஒன்று மற்றொன்றைவிட நூறு மடங்கு பெரியது. சிறிய வாயின் உந்தை ஒருவன் அழுத்தினால், பெரிய வாயில் நூறு பேர் அழுத்தும் விசைக்கு அது ஈடுகொடுக்கும். இதை வைத்துக்கொண்டு எத்தகைய பாரத்தையும் தூக்கிவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். ஆயினும் அந்தக் கருத்து உபயோகமான இயந்திரமாக மாற நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. தடையாக இருந்தது ஒரு சிறு இடைவெளி.

உருளைக்குள் உந்துதண்டு ஏறி இறங்க வேண்டுமானால் இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளியாவது வேண்டும். இடைவெளி இருந்தால் நீர் அதன் வழியே வெளியேறிவிடும். 1795இல் நீரழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்ற ஆங்கிலேயர் ஜோசஃப் பிரமா சிக்கிக்கொண்டது இந்த இடத்தில்தான். பிரமா அப்போதே பூட்டுகளுக்காகப் பெயர் பெற்றவர். தண்டைச் சுற்றிச் சணலை இறுக்கித் திணித்தால் கசிவு நின்றது. ஆனால் தண்டும் நின்றுவிட்டது. அழுத்தத்தை நீக்கியபின்னும் அது கீழே இறங்க மறுத்தது. சணலைத் தளர்த்தினால் தண்டு இறங்கியது, நீரும் வெளியேறியது.

இதற்குத் தீர்வு கண்டவர் பிரமாவின் பட்டறையில் பணியாற்றிய இளைஞர் ஹென்றி மாட்ஸ்லே என்று சாமுவேல் ஸ்மைல்ஸ் 1863இல் எழுதிய தொழில்துறையினர் வரலாற்றில் குறிப்பிடுகிறார். தோலைக் கிண்ண வடிவில் வளைத்து, அதன் உட்குழிவு நீரை நோக்கியிருக்குமாறு பொருத்துவதே அந்தத் தீர்வு. நீரின் அழுத்தம் ஏற ஏறத் தோலின் விளிம்பு விரிந்து தண்டோடு ஒட்டிக்கொள்ளும்; அழுத்தம் நீங்கியதும் தளர்ந்துவிடும். வெளியேறத் துடிக்கும் நீரையே வாயிற்காவலனாக நிறுத்திய யுக்தி இது. ‘வாசர்’ தேய்ந்துபோன அடிபம்பில் நீர் ஏறாமல் கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்த அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும். அடிபம்புக்குள் இருக்கும் கிண்ண வடிவ வாசரும், காய்ந்த தோல் ஊறட்டும் என்று மேலே ஒரு செம்பு நீர் ஊற்றி அடித்த நம் வழக்கமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதாம்.

மாட்ஸ்லே வாரம் முப்பது ஷில்லிங் கூலிக்கு வேலை செய்துகொண்டிருந்தார். கூடுதலாகக் கேட்டபோது பிரமா மறுக்கவே, விலகிச் சென்று சொந்தப் பட்டறை தொடங்கி இயந்திரத் தொழிலின் பெரும் ஆசான்களில் ஒருவரானார். பிரமா 1814இல் காலமானார். காடொன்றில் தம் இயந்திரத்தால் மரங்களை வேரோடு பிடுங்கும் வேலையை மேற்பார்வையிட்டபோது பிடித்த குளிரே அவரது இறுதி நோய்க்குக் காரணமாயிற்று என்பர். கனரக இயந்திரம் மண்ணோடு மல்லுக்கு நின்ற முதற்காட்சிகளில் அதுவும் ஒன்றாக இருக்கலாம்.

*

கசிவு அடங்கியதும் அடுத்த கேள்வி எழுந்தது. அழுத்தத்தை எங்கிருந்து பெறுவது? எப்போதும் ஒரே அளவில் அதை எப்படி வைத்திருப்பது?

வில்லியம் ஆர்ம்ஸ்ட்ராங் தொழிலால் வழக்கறிஞர். நியூகாஸில் துறைமுகக் கரையில் 1846இல் அவர் நிறுவிய பாரந்தூக்கி நகரின் குடிநீர்க் குழாயிலிருந்து வலுவைப் பெற்றது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் நீரின் அழுத்தம் வீணாகிறதே என்ற எண்ணத்தில் பிறந்தது அது. ஆனால் ஊர்க்குழாயின் அழுத்தம் ஊரைப் பொறுத்தது. எல்லா வீடுகளிலும் ஒரே நேரத்தில் நீர் பிடித்தால் அது தாழும். உயரமான கோபுரத்தின் மேல் தொட்டி வைப்பது ஒரு வழி. கிரிம்ஸ்பி துறைமுகத்தில் 1852இல் கட்டி முடிக்கப்பட்ட, சுமார் 300 அடி உயரமுள்ள கோபுரம் இன்றும் நிற்கிறது. ஆனால் ஹம்பர் நதிமுகத்தில் நியூ ஹாலந்து என்ற இடத்தின் மண் அத்தகைய கோபுரத்தைத் தாங்காது என்று தெரிந்தது. அங்கே ஆர்ம்ஸ்ட்ராங் வேறொரு வழியைக் கண்டார். செங்குத்தான பெரிய உருளை. அதில் ஓர் உந்துதண்டு. தண்டின் தலையில் கல்லும் கழிவிரும்பும் நிரப்பிய பெருந்தொட்டி. பம்ப் நீரைச் செலுத்தத் தொட்டி மேலேறும். பாரந்தூக்கிகள் நீரை எடுக்கத் தொட்டி இறங்கும். தொட்டியின் எடை மாறாததால் அழுத்தமும் மாறாது. சதுர அங்குலத்துக்கு 600 பவுண்டு அழுத்தம் எளிதில் கிடைத்தது. கோபுரம் கட்டி அந்த அழுத்தத்தைப் பெற வேண்டுமானால் அது ஏறத்தாழ 1,400 அடி உயர்ந்திருக்க வேண்டும்.

இந்தச் சேமகலத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. எந்தப் பாரந்தூக்கியும் வேலை செய்யாத வேளையில் பம்பை நிறுத்திவிட்டுத் தொட்டியைக் கவனிக்கலாம். அசையாமல் நின்றால் எல்லாம் நலம். மெல்லத் தாழ்ந்தால் குழாய்வழியில் எங்கோ நீர் ஒழுகுகிறது. கண்ணுக்குத் தெரியாத இழப்பைக் கண்ணுக்குத் தெரியும் அசைவாக அது மாற்றிக் காட்டியது. லண்டனில் 1883 முதல் 1977 வரை இயங்கிய நீர்விசைக் கம்பெனி, உச்சகாலத்தில் சுமார் 180 மைல் நீளத் தெருக்குழாய்கள் வழியே அழுத்த நீரை விற்றது. மின்தூக்கிகளும் துறைமுகப் பாரந்தூக்கிகளும் அரங்க மேடைகளும் அதில் இயங்கின. அத்தனை மைல் குழாயையும் கசியாமல் காப்பது எத்தனை பேரின் அன்றாட உழைப்பாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

*

கசிவால் அழுத்தம் சிறுகச் சிறுகப் போகும். ஊற்று தளர்ந்தால் அது ஏறி இறங்கும். மூன்றாவதாக ஒரு வகை உண்டு: ஒரே கணத்தில் முழுதும் போய்விடுவது. அதன் கதை வேல்ஸ் நாட்டில், மெனாய் நீரிணையின் மேல் கட்டப்பட்ட பிரிட்டானியா பாலத்தில் நிகழ்ந்தது.

ரயில் உள்ளே புகுந்து செல்லுமளவு பெரிய செவ்வக இரும்புக் குழாய்களால் ஆன பாலம் அது. பொறியாளர் ராபர்ட் ஸ்டீஃபன்சன். நீருக்கு மேலிருந்த நடு இடைவெளிகள் ஒவ்வொன்றும் 460 அடி. அவற்றுக்கான குழாய்கள் ஒவ்வொன்றும் 1,500 டன் அளவு எடை. கரையில் செய்த குழாயை மிதவைகளில் ஏற்றி, கோபுரங்களின் காலடிக்குக் கொண்டுவந்து, பிறகு சுமார் 100 அடி உயரத்துக்குத் தூக்க வேண்டும். கோபுரங்களின் உச்சியில் நீரழுத்தப் பொறிகளை வைத்து, சங்கிலிகளால் குழாயின் முனைகளைப் பற்றித் தூக்க ஏற்பாடாயிற்று. அவற்றில் மிகப் பெரிய பொறியின் உந்துதண்டு 20 அங்குல விட்டமுடையது. உள்ளே நீரின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு இரண்டு டன்னுக்கும் மேல். இன்றைய பெரிய மண்வாரி இயந்திரங்களில் உள்ள அழுத்தம் கிட்டத்தட்ட இதே அளவுதான்.

முதற்குழாய் 1849 ஜூன் 20ஆம் தேதி மிதவையில் வந்து சேர்ந்தது. தூக்கும் வேலை தொடங்கியபோது களத்திலிருந்தவர்களுக்கு ஓர் அவசரம் இருந்தது. பொறிகள் நன்றாக வேலை செய்கின்றன. நிறுத்தாமல் தூக்கினால் ஓரிரு நாளில் குழாய் உச்சியை எட்டிவிடும். ஸ்டீஃபன்சன் ஒப்பவில்லை. குழாய் ஓர் அங்குலம் உயர்ந்தால் அதன் அடியில் அந்த ஓர் அங்குலத்தை இட்டு நிரப்பியாக வேண்டும், பிறகே அடுத்த அங்குலம் என்று உத்தரவிட்டிருந்தார். பலகைகளும் செங்கற்கட்டுமாகக் குழாயின் முனைகளுக்குக் கீழே ஒரு படுக்கை அதனோடு சேர்ந்தே வளர்ந்தது. வேலை எரிச்சலூட்டும் அளவுக்கு மெதுவானது.

இந்தப் பிடிவாதத்துக்குப் பின்னணி உண்டு என்றே நான் கருதுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1847 மே 24ஆம் தேதி, செஸ்டர் நகரருகே டீ நதியின் மேல் அவர் வடிவமைத்த வார்ப்பிரும்புப் பாலத்தின் உத்திரம் ரயில் கடக்கும்போது முறிந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். விசாரணையில் அவருடைய பெயரே ஊசலாடியது. இரும்பு முன்னறிவிப்பின்றி முறியும் என்பதை ஸ்டீஃபன்சனுக்கு யாரும் ஏட்டிலிருந்து எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

1849 ஆகஸ்டு 17ஆம் தேதி பெரிய பொறியின் உருளை உடைந்தது. அதன் அடிப்பகுதி அப்படியே கழன்று விழுந்தது. அந்தக் கணமே அழுத்தம் முழுவதும் போயிற்று. குழாயின் முனை சில அங்குலங்கள் விழுந்து அடியிலிருந்த படுக்கையில் அமர்ந்தது. அந்தச் சில அங்குல வீழ்ச்சியே குழாயைச் சேதப்படுத்தி, ஆயிரக்கணக்கான பவுண்டு செலவு வைத்தது. படுக்கை இல்லாதிருந்தால் முழுக்குழாயும் நீரிணையின் அடியில் கிடந்திருக்கும். களப்பொறியாளர் எட்வின் கிளார்க் ஸ்டீஃபன்சனுக்கு எழுதிய கடிதத்தில், நீங்கள் இவ்வளவு பிடிவாதமாக இருந்ததற்குக் கடவுளுக்கு நன்றி என்ற பொருளில் எழுதினார்.

உருளை ஏன் உடைந்தது? நீரில் குறையில்லை, பம்பிலும் குறையில்லை. உருளையின் அடி தட்டையாக இருந்தது. சுவரும் அடியும் கூர்மூலையில் சந்தித்தன. வார்ப்பிரும்பு குளிரும்போது அதன் படிகங்கள் மேற்பரப்புக்குச் செங்குத்தாக அடுக்கிக்கொள்கின்றன என்றும், ஆகவே கூர்மூலையில் இரண்டு அடுக்குகள் மோதுமிடத்தில் ஒரு பலவீனத் தளம் உருவாகிறது என்றும் ராபர்ட் மாலட் 1856இல் பீரங்கிகள் குறித்து எழுதிய நூலில் விளக்கினார். அவர் காட்டிய எடுத்துக்காட்டுகளில் ஒன்று இந்தப் பொறி. புதிய உருளை அரைக்கோள அடியோடு வார்க்கப்பட்டது. அது தாங்கியது. 1850 மார்ச் 5ஆம் தேதி பாலம் திறக்கப்பட்டது.

அடுத்த ஆண்டு லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் பிரிட்டானியா பாலத்தின் நீரழுத்தப் பொறி காட்சிக்கு வைக்கப்பட்டது. அதே 1851இல், அரை நூற்றாண்டுக்கும் மேலாக யாராலும் திறக்க முடியாதிருந்த பிரமாவின் சவால் பூட்டை, ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் பல நாள் முயன்று திறந்துவிட்டார். எதையும் முழுமையாக மூடிவிட்டோம் என்று எண்ணுவதற்கில்லை என்பதை அந்த ஆண்டு இருவிதமாகச் சொன்னது போலும்.

*

இருபதாம் நூற்றாண்டில் நீரின் இடத்தை எண்ணெய் பிடித்தது. எண்ணெய் உறைவதில்லை, துருப்பிடிக்க வைப்பதில்லை, ஓடும் பாகங்களைத் தானே மசகிடுகிறது. தோல் கிண்ணத்தின் இடத்துக்குச் செயற்கை ரப்பர் வந்தது. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் எழுபது வயதைக் கடந்த நிலையில், 1939இல், ‘ஓ ரிங்’ என்று நாம் அறியும் எளிய ரப்பர் வளையத்துக்குக் காப்புரிமை பெற்றார். அழுத்தம் வளையத்தை அதன் பள்ளத்தின் ஓரத்துக்குத் தள்ளி நசுக்குகிறது. நசுங்கிய வளையம் வழியை அடைக்கிறது. பாதுகாக்கப்பட வேண்டிய அழுத்தமே பாதுகாவலையும் செய்கிறது. பட்டறையில் உதித்த அந்தப் பழைய எண்ணம் ரப்பரில் மறுபிறப்பு எடுத்தது.

இனி, சாலையோரத்தில் நிற்கும் நம் இயந்திரத்துக்கு வருவோம். நல்ல மெக்கானிக் எடுத்த எடுப்பில் பம்பைக் கழற்றுவதில்லை. ஒரு கை மட்டும் தளர்ந்ததா, எல்லா அசைவுகளுமே தளர்ந்தனவா என்று முதலில் கேட்கிறார். ஒன்று மட்டும் என்றால் குற்றம் அந்த உருளையின் சீலிலோ அதற்குரிய வால்விலோ இருக்கும். எல்லாமும் என்றால் பொதுவான இடங்களைத் தேட வேண்டும்: தொட்டியில் எண்ணெய் மட்டம், அடைத்துக்கொண்ட ஃபில்டர், உறிஞ்சுகுழாயில் புகும் காற்று, உபரி அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு, கடைசியாகப் பம்ப். எண்ணெய் நுரைத்துப் பால்போல் வெளுத்திருந்தால் காற்று கலந்திருக்கிறது. பம்ப் ஊளையிட்டால் அதற்குப் போதிய எண்ணெய் கிடைக்கவில்லை. காலையில் நன்றாக ஓடி, சூடேறியபின் தளர்ந்தால் உட்கசிவு. சூட்டில் இளகிய எண்ணெய் தேய்ந்த இடுக்குகள் வழியே நழுவுகிறது. வெளியே ஒரு துளிகூடச் சிந்தாமலே அழுத்தம் முழுவதும் உள்ளுக்குள் போய்விட முடியும் என்பதுதான் இந்தத் தொழிலின் கடினமான பாடம். எல்லாவற்றையும் முடிவாகத் தீர்ப்பது கருத்தல்ல, குழாய்வழியில் பொருத்தும் அழுத்தமானி.

ஒரு சபலமும் உண்டு. ரிலீஃப் வால்வின் திருகைக் கொஞ்சம் இறுக்கினால் இழந்த வலு திரும்பிவிட்டதுபோல் தோன்றும். குற்றம் வேறிடத்தில் இருக்க, மிச்சமிருக்கும் பாகங்கள்மீது கூடுதல் பாரம் ஏறும். மெனாய் நீரிணையில் நிறுத்தாமல் தூக்கிவிடலாம் என்று துடித்த அவசரமும் இதுவும் ஒன்றுதான்.

இன்னொன்று, கசிவைக் கையால் தடவித் தேடக் கூடாது. ஊசித்துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். வெளியே ஒரு சிறு புள்ளி மட்டுமே தெரியும். வலியும் முதலில் பெரிதாக இராது. உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே, சில சமயம் கையையே இழக்க நேரும். டீசல் எஞ்சினின் எரிபொருள் பீச்சால் நேர்ந்த இத்தகைய காயம் 1937லேயே மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அட்டைத் துண்டை நீட்டித்தான் கசிவைத் தேட வேண்டும். அதற்கும் முன் பக்கெட்டைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, குழாய்களில் தங்கிய அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். இறக்க முடியாத நிலையில் உருளையின் தண்டைச் சுற்றி இரும்புத் தாங்கியைப் பூட்டாமல் உயர்ந்த கையின் கீழே யாரும் போகக் கூடாது. அந்தத் தாங்கி வேறொன்றுமில்லை, ஸ்டீஃபன்சனின் செங்கற்படுக்கைதான்.

*

மெனாய் விபத்தில் நான் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. உருளையின் அடிப்பகுதி, ஒரு டன்னுக்கு மேற்பட்ட இரும்பு, கோபுர உச்சியிலிருந்து குழாயின் கூரைமேல் விழுந்தது. அந்த நேரத்தில் குழாயிலிருந்து பொறியை நோக்கிக் கயிற்றேணியில் ஏறிக்கொண்டிருந்த மாலுமி ஒருவர் அதில் அடிபட்டு உயிரிழந்தார். ஸ்டீஃபன்சனின் முன்யோசனையைப் புகழும் பக்கங்களில் அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு வரி, பல வேளைகளில் அதுவும் இல்லை. குழாய்க்குக் கீழே படுக்கை இருந்தது. பொறிக்குக் கீழே ஒரு மனிதர் இருந்தார்.

பழைய இரும்புக் குழாய்ப் பாலமும் இப்போது இல்லை. 1970 மே மாதம் உள்ளே புகுந்த சிறுவர்களின் கையிலிருந்த தீயால் அது எரிந்து உருக்குலைந்தது. கோபுரங்களை வைத்துக்கொண்டு வளைவுகள் மேல் புதிய பாலம் எழுந்தது. குழாயின் ஒரு துண்டு மட்டும் கரையில் நினைவுச் சின்னமாக நிற்கிறது.

பொருளைக் காக்கும் விதிகள் 1849லேயே தெரிந்திருந்தன. பாரத்தின் கீழே ஆள் நிற்கலாகாது என்பது எழுதப்பட்ட விதியாக நிலைபெற இன்னும் பல மரணங்கள் வேண்டியிருந்தன. அடுத்த முறை சாலையோரத்தில் அந்த இரும்புக் கை உயர்ந்து நிற்பதையும், அதன் நிழலில் ஒருவர் குனிந்து எதையோ சரிபார்ப்பதையும் காண நேர்ந்தால், அந்தக் கையைத் தாங்கி நிற்பது எது என்று நாம் ஒரு கணம் பார்க்கலாம். ஒரு வளைய ரப்பரும் கொஞ்சம் எண்ணெயும் மட்டும்தான் என்றால், அவரைக் கூப்பிட்டு வெளியே வரச் சொல்லலாம்.